தொலைபேசி அடித்தது, படம் கழன்றது

போன வருடம் எங்கட பீடத்தில் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி வைத்தோம். இருபத்திரண்டு படங்கள். சட்டம் போடக் காசில்லாததால் தடித்த மட்டையில் ஒட்டி, ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தோம். இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் இருபத்தொன்றுதான் இருந்தது. காணாமற்போனது ஓர் அம்மம்மாவின் படம். அவர் சுவரோரம் இருந்து சோறு சாப்பிடுகிறார். அவருக்கு மேலே மாலை போட்ட ஒரு பெடியனின் படம். பெடியன் சீருடையில் இருக்கிறான். அவ்வளவுதான்.

"ஆர் கழட்டினது?"

"மேல சொன்னவையாம்."

"மேல எண்டா ஆர்?"

"தெரியாது. ஆரோ கோல் எடுத்துக் கதைச்சவையாம். உங்கட பாதுகாப்புக்குத்தான் தம்பி, விடுங்கோ."

நாங்கள் விட்டோம். சோதனை கிட்டடியில் இருந்தது. யாரும் எங்களுக்குக் கடிதம் தரவில்லை, தடை என்ற சொல்லைக்கூட யாரும் பாவிக்கவில்லை. ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றியது இல்லை. அதுக்குப் பிறகு, உலகத்தில் வேறெங்கேயாவது இப்படி நடந்திருக்கா என்று தேடினோம். தேடும்போது யப்பானில் 2019இல் நடந்த ஒரு கதை கிடைத்தது. படிக்கப் படிக்க, எங்கட மண்டபத்தில் அடித்த அதே தொலைபேசிதான் அங்கேயும் அடித்திருக்கிறது என்று பட்டது. என்ன, அங்கே அது ஆயிரக்கணக்கில் அடித்தது.

கழற்றப்பட்டவற்றின் கண்காட்சி

யப்பானின் அய்ச்சி மாகாணத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெரிய கலைவிழா நடக்கும். அய்ச்சி ட்ரியனாலே என்று பெயர். தலைநகர் நாகோயாவில் உள்ள அய்ச்சி கலை நிலையம்தான் அதன் முக்கிய இடம். 2019 விழாவுக்குக் கலை இயக்குநராக இருந்தவர் சுடா தய்சுகே. ஓவியரோ சிற்பியோ இல்லை, ஓர் ஊடகவியலாளர்.

அந்த விழாவுக்குள்ளே ஒரு சின்னக் கண்காட்சி இருந்தது. 'வெளிப்பாட்டுச் சுதந்திரமின்மைக் கண்காட்சி, அதன் பின்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2015இல் டோக்கியோவில் ஒரு தனியார் கூடத்தில் நடந்த கண்காட்சியின் தொடர்ச்சி அது. யோசனை எளிமையானது: யப்பானின் அருங்காட்சியகங்களிலும் பொது மண்டபங்களிலும் வைக்க மறுக்கப்பட்ட, அல்லது வைத்த பிறகு கழற்றப்பட்ட படைப்புகளை ஓர் இடத்தில் சேர்த்து வைப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எங்கே, எப்போது, என்ன காரணம் சொல்லி அகற்றப்பட்டது என்று எழுதி வைப்பது. பார்க்க வாறவர்கள் தாங்களே யோசிக்கட்டும்.

யப்பானின் அரசியலமைப்பு இதைத் தடுக்கவில்லை. போருக்குப் பிறகு எழுதப்பட்ட அந்த அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருவதோடு, தணிக்கை கூடாது என்று நேரடியாகவே சொல்லுகிறது. அப்படியென்றால் இத்தனை படைப்புகள் எப்படிக் கழன்றன? அங்கே வைக்கப்பட்டவற்றில் சிலவற்றின் கதையைப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, ஒரு ஹைக்கூ. 2014இல் சைத்தாமா நகரத்தில் ஒரு வயதான பெண் எழுதியது. போரைக் கைவிடுவதாகச் சொல்லும் 9ஆம் உறுப்புரையைக் காப்பாற்றச் சொல்லிப் பெண்கள் மழைக்கால வானத்தின் கீழ் ஊர்வலம் போவதைப் பற்றிய மூன்று வரி. உள்ளூர்க் கவிதை வட்டம் அதைத்தான் சிறந்தது என்று தெரிந்தது. வழக்கமாக வட்டம் தெரியும் கவிதையைத் தன் செய்தி மடலில் போடும் பொது மண்டபம், இதைப் போட மறுத்தது. பொது இடம் நடுநிலையாக இருக்க வேண்டுமாம். அவர் நீதிமன்றம் போனார். 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்கை வென்றார். கிடைத்த நட்டஈடு 5,000 யென். மூன்று வரிக்கு நாலு வருடத்துக்கும் மேலே.

இரண்டாவது, ஆன் செ-ஹொங் என்ற கொரியப் புகைப்படக் கலைஞரின் படங்கள். இரண்டாம் உலகப்போரில் யப்பான் இராணுவம் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தது. 'ஆறுதல் பெண்கள்' என்று அவர்களுக்கு இராணுவம் வைத்த பெயரே ஒரு பொய். போர் முடிந்து ஊர் திரும்ப வழியில்லாமல் சீனாவிலேயே தங்கிப்போன கொரியப் பெண்களை, அவர்கள் கிழவிகளான பிறகு தேடிப்போய்ப் படம் எடுத்தவர் அவர். 2012இல் டோக்கியோவில் இருந்த நிக்கோன் காட்சிக்கூடம் முதலில் இடம் தருவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்தவுடன் இல்லை என்றது. நீதிமன்றம் தலையிட்டுத்தான் கண்காட்சி நடந்தது. 2015இல் நிக்கோன் அவருக்கு 11 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பும் வந்தது.

மூன்றாவது, ஷிரகாவா யோஷியோ என்ற கலைஞரின் படைப்பு. போர்க்காலத்தில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டு இறந்த கொரியர்களுக்காக, குன்மா மாகாணத்தில் ஒரு பூங்காவில் நினைவுக்கல் நட்டிருந்தார்கள். அந்தக் கல்லைப் பற்றிய படைப்பு அது. அதே பூங்காவில் இருக்கும் அருங்காட்சியகம், 2017இல் கண்காட்சி தொடங்குவதற்குச் சற்று முன்னர் அதை அகற்றியது. உண்மையான நினைவுக்கல்லையும் 2024இல் மாகாண நிர்வாகம் இடித்துவிட்டது. இதை வாசிக்கும்போது எங்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வந்தது. ஒன்று, மலாயாத் தோட்டங்களிலிருந்து யப்பான் இராணுவம் கொண்டுபோய், சயாம்–பர்மா ரயில் பாதையில் சாகவிட்ட பல்லாயிரம் தமிழர்கள். மற்றது, இடிக்கப்பட்ட நினைவிடம் என்றால் என்ன என்று எங்களுக்கு ஆரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

எரித்தது ஆர்?

நாலாவது கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும்.

ஓவுரா நொபுயுகி என்ற கலைஞர் நியூயோர்க்கில் வாழ்ந்த காலத்தில், யப்பானியனான தான் யார் என்ற கேள்வியோடு ஒரு அச்சுப்பட வரிசை செய்தார். தன்னுடைய சுய உருவப்படமாகத்தான் அதை நினைத்தார். அதில் ஹிரோஹிட்டோ மன்னரின் புகைப்படத்தை வேறு உருவங்களோடு சேர்த்து ஒட்டியிருந்தார். 1986இல் தோயாமா மாகாணத்து நவீன கலை அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது, சிலதை வாங்கவும் செய்தது. கண்காட்சி எந்தச் சத்தமும் இல்லாமல் நடந்து முடிந்தது.

முடிந்த பிறகுதான் மாகாண சபையில் சிலர் எழும்பி, மன்னருக்கு அவமரியாதை என்றார்கள். வலதுசாரிக் குழுக்கள் ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்களோடு வந்தன. அருங்காட்சியகம் படங்களைப் பூட்டி வைத்தது. கண்காட்சி நூலையும் ஆருக்கும் காட்டவில்லை. 1990இல் மாகாண நூலகம் அந்த நூலைப் பார்வைக்கு வைத்தபோது, ஒருவர் வந்து அதைக் கிழித்தார். கடைசியில் 1993இல் அருங்காட்சியகம் படங்களை விற்றுவிட்டு, மிச்சமிருந்த 470 நூல்களை எரித்தது. கலைஞரும் பொதுமக்களும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் கொஞ்சம் இவர்கள் பக்கம் நின்றது. மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. 2000இல் வழக்கு தோல்வியில் முடிந்தது.

நூல்களை எரித்தது ஒரு கும்பல் இல்லை, பேணிக் காக்கவென்றே இருக்கிற அருங்காட்சியகம்.

அதே ஓவுரா 2019 கண்காட்சிக்காக ஒரு காணொளி செய்தார். அதில் அவருடைய அந்தப் பழைய படங்கள் எரிகின்றன. மன்னரின் முகம் அந்தப் படங்களுக்குள் இருக்கிறபடியால் அதுவும் எரிகிறது. இருபது நிமிடக் காணொளியில் அந்தச் சில விநாடிகளை மட்டும் வெட்டி எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போட்டார்கள். "மன்னரின் படத்தை எரிக்கிறான்" என்ற ஒரு வரியோடு அது பரவியது. 1993இல் எரிக்கப்பட்ட 470 நூல்களைப் பற்றி அந்த வரியில் ஒன்றும் இல்லை.

மூன்று நாள்

2019 ஓகஸ்ட் 1ஆம் திகதி விழா தொடங்கியது. கூடுதல் கோபத்தைச் சம்பாதித்தது ஒரு சிலை. கிம் சோ-கியோங், கிம் உன்-சொங் என்ற கொரியத் தம்பதிகள் செய்தது. முதல் சிலையை 2011இல் சியோலில் யப்பான் தூதரகத்துக்கு முன்னால் வைத்தார்கள். கொரிய உடுப்போடு ஒரு சின்னப் பெட்டை கதிரையில் இருக்கிறாள். வெறுங்கால். குதிக்கால் நிலத்தில் முட்டவில்லை. ஊர் திரும்பியும் ஊரில் கால் பதிக்க முடியாத நிலை அது. பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை. நாகோயாவில் வைத்த சிலைக்குப் பக்கத்திலும் பார்வையாளர்கள் போய் இருக்கலாம். அப்படி இருந்தால், அவளுடைய உயரத்தில் இருந்து அறையைப் பார்ப்பீர்கள்.

இரண்டாம் நாள் நாகோயா மேயர் கவமுரா தகாஷி வந்து பார்த்தார். யப்பானியரின் மனதை இது மிதிக்கிறது, அகற்றுங்கள் என்றார். அதே நாள் மத்திய அரசின் பேச்சாளர், விழாவுக்கான மானியத்தைக் கவனமாகப் பரிசீலிக்கப் போவதாகச் சொன்னார். தொலைபேசிகள் நிற்காமல் அடித்தன. பெற்றோல் கலனோடு வருவோம் என்ற அர்த்தத்தில் ஒரு தொலைநகல் வந்தது. அது வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட ஏலாது. இரண்டு கிழமைக்கு முந்தித்தான், ஜூலை 18ஆம் திகதி, கியோட்டோவில் ஓர் அனிமேஷன் நிறுவனத்துக்குள் ஒருவன் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தி 36 பேர் இறந்திருந்தார்கள்.

ஓகஸ்ட் 3ஆம் திகதி மாலை, மாகாண ஆளுநர் ஓமுரா ஹிதேயகியும் சுடாவும் கண்காட்சியை மூடுவதாக அறிவித்தார்கள். காரணம்: பாதுகாப்பு. கழற்றப்பட்டவற்றின் கண்காட்சியே கழற்றப்பட்டது. அதை ஒழுங்குசெய்த குழுவோடு கலந்து பேசாமலே அந்த முடிவு எடுக்கப்பட்டது.

இங்கே நாங்கள் ஆளுநரைத் திட்டத்தான் எழுதத் தொடங்கினோம். ஆனால் கதை அவ்வளவு நேர்கோட்டில் போகவில்லை. மூடிய இரண்டு நாளில் அதே ஆளுநர்தான், படைப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து அகற்றச் சொன்ன மேயரின் கோரிக்கை 21ஆம் உறுப்புரையை மீறக்கூடியது என்று பகிரங்கமாகச் சொன்னார். தொலைநகல் அனுப்பியவர் என்று ஒருவரைப் பொலிஸ் சில நாளில் கைதும் செய்தது. பிறகு மாகாணம் அமைத்த ஆய்வுக்குழு, படைப்புகளை விளக்கி வைத்த விதத்திலும் முன்னேற்பாட்டிலும் குறைகள் இருந்தன என்றது. அதிலும் நியாயம் இருக்கு. தொலைபேசி அடிக்கும் என்று தெரிந்தே தொடங்கியவர்கள், அதை ஆர் எடுப்பது என்று போதுமான அளவு யோசிக்கவில்லை.

உண்மையில் அதை எடுத்தவர்கள் மாகாண அலுவலகத்து ஊழியர்கள். படத்தைத் தெரிவு செய்தவர்களும் இல்லை, சிலையைச் செய்தவர்களும் இல்லை. அரச ஊழியர் என்றபடியால் கோபக்காரர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியவர்கள். ஒரு கண்காட்சியை மூடுவதற்கு எல்லாரையும் பயப்படுத்தத் தேவையில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஐந்தாறு பேரைக் களைக்க வைத்தால் போதும்.

எங்கட படத்தைக் கழற்றிய அந்த அண்ணாவையும் இதை வாசித்த பிறகுதான் வேறு மாதிரி நினைத்துப் பார்த்தோம். அவருக்கு வந்த கோலை நாங்கள் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

கலைஞர்கள் என்ன செய்தார்கள்?

மூடின கையோடு, விழாவின் மற்றப் பகுதிகளில் இருந்த கலைஞர்கள் எழும்பினார்கள். தென்கொரியாவின் பாக் சான்-கியோங்கும் இம் மின்-உக்கும் தங்கள் படைப்புகளை உடனே விலக்கினார்கள். பிறகு கியூபாவின் தானியா புருகேரா என்று பட்டியல் நீண்டது. பத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் அறையைப் பூட்டினார்கள், அல்லது படைப்பை மாற்றினார்கள். மெக்சிக்கோவின் மோனிக்கா மாயெர் ஒரு கொடி கட்டி, பாலியல் துன்புறுத்தல் பற்றிய கேள்விகளுக்குப் பெண்கள் எழுதும் பதில் அட்டைகளை அதில் தொங்கவிடுகிற படைப்பு வைத்திருந்தார். அவர் எழுதிய அட்டைகளை எடுத்துவிட்டு, வெற்று அட்டைகளைக் கிழித்து நிலத்தில் போட்டார். பேச விடாத இடத்தில் பேச்சு எப்படிக் கிடக்கும் என்பதைப் பார்க்க வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது நாடகக் கலைஞர் தகயாமா அகிரா செய்த வேலை. அவர் ஓர் அழைப்பு நிலையம் தொடங்கினார். கண்காட்சி பற்றிக் கோபமாக இருப்பவர்கள் அந்த இலக்கத்துக்கு எடுக்கலாம். எடுத்தால் பதில் சொல்பவர் மாகாண ஊழியர் இல்லை, ஒரு கலைஞர். அவர்கள் தர்க்கம் பண்ணினார்கள், கேட்டார்கள், விளக்கினார்கள். ஊழியர்களின் தலையில் விழுந்த பாரத்தை, அதைத் தூக்க வேண்டியவர்களே தூக்கினார்கள்.

ஒழுங்கமைப்புக் குழு நீதிமன்றத்தை நாடியது. செப்டெம்பர் கடைசியில் இணக்கம் ஏற்பட்டது. ஒக்டோபர் 8ஆம் திகதி கண்காட்சி திரும்பத் திறந்தது, விழாவின் கடைசி ஒரு கிழமைக்கு மட்டும். குலுக்கல் முறையில் ஒரு தடவைக்குச் சிறு குழுவாகத்தான் உள்ளே விட்டார்கள். உலோகம் கண்டறியும் கருவி, பைச் சோதனை எல்லாம் இருந்தன. முதல் நாளில் அறுபது இடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சீட்டுப் போட்டார்கள். மேயர் வெளியில் இருந்து மறியல் செய்தார். ஒன்றும் எரியவில்லை.

பிறகு நடந்தவை

திறப்பதற்கு முன்பே, செப்டெம்பர் 26ஆம் திகதி, மத்திய அரசின் கலாசார முகவரகம் விழாவுக்கு உறுதியளித்த சுமார் 7.8 கோடி யென் மானியத்தை நிறுத்தியது. உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. பாதுகாப்புப் பிரச்சினை வரலாம் என்பதை விண்ணப்பத்தில் முன்கூட்டியே அறிவிக்கவில்லை, நடைமுறை பிழை என்றது. அடுத்த வருடம் கொஞ்சம் குறைத்துத் திருப்பிக் கொடுத்தது. நாகோயா நகரமும் தன் பங்கில் மிச்சமிருந்த சுமார் 3.38 கோடி யென்னைக் கொடுக்க மறுத்தது. வழக்கு நடந்து, 2024இல் உச்ச நீதிமன்றம் வரை போய், நகரம் தோற்றது.

ஆளுநரைப் பதவியிலிருந்து இறக்க 2020இல் ஒரு கையெழுத்து இயக்கம் நடந்தது. சுமார் 4 லட்சத்து 35 ஆயிரம் கையெழுத்து வந்தது. தேர்தல் அதிகாரிகள் சோதித்தபோது 80 சதவீதத்துக்கும் மேலே செல்லாதவை. கூலிக்கு ஆள் பிடித்து இருத்தி எழுதியிருக்கிறார்கள். செத்துப்போனவர்களின் பெயரும் இருந்தது. 'மக்களின் மனம் புண்பட்டுவிட்டது' என்று சொல்லும்போது, எத்தனை மக்கள் என்று ஒருக்கா எண்ணிப் பார்க்கத்தான் வேணும்.

2021இல் இதே படைப்புகளில் சிலதை ஒசாக்காவில் வைக்கப் போனார்கள். மண்டபம் கொடுத்த அனுமதியை நிர்வாகம் பாதுகாப்புக் காரணம் சொல்லி மீளப்பெற்றது. இந்த முறை நீதிமன்றம் மூன்று படியிலும் ஒரே பதில் சொன்னது: எதிர்ப்பு வரும் என்பது மண்டபத்தை மறுக்கக் காரணம் ஆகாது, பொலிஸ் பாதுகாப்பு இருந்தும் தடுக்க முடியாத ஆபத்து என்றால் மட்டும்தான் மறுக்கலாம். கண்காட்சி ஜூலையில் மூன்று நாள் நடந்தது. அதே மாதம் நாகோயாவில் நடந்த இன்னொரு கண்காட்சிக்கு ஒரு பொதி வந்தது, திறந்தபோது வெடித்தது. ஆருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் கண்காட்சி மூன்றாம் நாளோடு நின்றது. ஆகவே இதை வெற்றிக்கதை என்று நாங்கள் சொல்ல வரவில்லை.

எங்களுக்கு இதில் என்ன?

ஹைக்கூவுக்கு 'நடுநிலை'. மானியத்துக்கு 'நடைமுறை'. சிலைக்கு 'மனம் புண்படுதல்'. கண்காட்சிக்கு 'பாதுகாப்பு'. இத்தனை கதையிலும் ஒருவராவது 'தணிக்கை செய்கிறோம்' என்று சொல்லவில்லை. 21ஆம் உறுப்புரையோடு நேரடியாக மோதாமல், அதைச் சுற்றிப் போகிற சொற்கள் இவை. இவற்றில் ஒவ்வொன்றும் சில நேரத்தில் உண்மையான காரணமாகவும் இருக்கும். அதுதான் சிக்கல். பெற்றோல் மிரட்டல் உண்மை. பாதுகாப்பும் தேவை. ஆனால் மிரட்டியவனிடமிருந்து கண்காட்சியைப் பாதுகாப்பது ஒன்று, மிரட்டியவன் கேட்டதைச் செய்து கொடுப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கும்போதுதான் நாங்கள் ஏமாறுகிறோம்.

மனம் புண்படுவதையும் நாங்கள் சும்மா தள்ளவில்லை. எங்கட ஊரில் இழப்பைப் படமாக்குவது லேசான விஷயம் இல்லை. ஒரு தாய் வந்து, "என்ர பிள்ளையின்ர படத்தை எடுங்கோ, என்னால பார்க்க ஏலாது" என்றால், நாங்களே கழற்றிக் கையில் கொடுப்போம். ஆனால் அவர் வந்து, தன் முகத்தோடு, தன் காரணத்தோடு கேட்பார். பெயரில்லாத கோல் அப்படி இல்லை. அதோடு கதைக்க ஏலாது, அதைக் கீழ்ப்படிய மட்டும்தான் ஏலும். அந்தச் சிலையால் மேயருக்கு மனம் நொந்தது. சரி. சீனாவில் கிழவிகளாகிப் போன அந்தப் பெண்களின் மனம் எந்தக் கணக்கில் வரும்?

இந்த வருடமும் கண்காட்சி வைக்கப் போகிறோம். போன முறை காசு, மட்டை, ஆணி என்று பட்டியல் போட்டோம். இந்த முறை பட்டியலில் மேலதிகமாக ஒரு தாள் இருக்கு. கண்காட்சி பற்றி ஆர் கோல் எடுத்தாலும் அலுவலகத்து அண்ணா பதில் சொல்லத் தேவையில்லை, எங்கட இலக்கத்தைக் கொடுத்தால் போதும் என்று அதில் எழுதியிருக்கிறோம். கீழே எங்களில் ஆறு பேரின் பெயரும் நேரமும். எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: நீங்கள் ஆர்? எந்தப் படம்? நீங்கள் வந்து பார்த்தீர்களா?

அம்மம்மாவின் படத்தைத் திரும்ப அச்சடிக்கக் குடுத்திருக்கு. வைக்கலாமா என்று அவவிட்டையும் போய்க் கேட்டோம். "அது என்ர பிள்ளை தானே. வையுங்கோ" என்றா.